சிறிய ஃபைபர்கிளாஸ் டிரெய்லர் வாங்கலாமா? ஓர் உரிமையாளரின் மதிப்புரை

காருக்குப் பின்னால் இழுத்துச் சென்று, உள்ளேயே சமைத்து உறங்கும் பயண டிரெய்லர்களில், 13 அடி முதல் 17 அடி வரை நீளமுள்ள வார்ப்பு ஃபைபர்கிளாஸ் வண்டிகளுக்கு எப்போதும் தனி மவுசு உண்டு. அதே நீளமுள்ள சாதாரண டிரெய்லரோடு ஒப்பிட்டால் இவற்றின் விலை கூடுதல், உள்ளே கிடைக்கும் இடமோ குறைவு. அப்படியிருந்தும் நல்ல நிலையில் உள்ள பழைய வண்டி ஒன்று விற்பனைக்கு வந்தால் அது நெடுநாள் தங்குவதில்லை. நானும் என் மனைவியும் இப்படிப்பட்ட பதினாறு அடி வண்டி ஒன்றைப் பல ஆண்டுகளாக வைத்துப் பராமரித்து வருகிறோம். அந்தப் பழக்கத்திலிருந்து என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இதில் நாம் உண்மையில் விலை கொடுத்து வாங்குவது அந்த வெளிக்கூட்டைத்தான். அடுப்பு, குளிர்பெட்டி, மெத்தை, தண்ணீர் பம்பு, பேட்டரி, சக்கர அச்சு உட்பட மற்ற அனைத்தும் என்றாவது ஒரு நாள் மாற்றப்பட வேண்டியவை. கூடு மட்டும், கவனித்துக்கொண்டால், அவை எல்லாவற்றுக்கும் பிறகும் இருக்கும். இதை மனத்தில் வைத்து வாங்குபவருக்கு இது மிக நல்ல வண்டி. இடவசதியை எதிர்பார்த்து வாங்குபவருக்கு முதல் மழைநாளிலேயே மனம் கசந்துபோகும்.

வாங்கப் போகிறவர்கள் முதலில் ஒரு வேறுபாட்டைத் தெரிந்துகொள்ள வேண்டும். விளம்பரத்தில் ‘ஃபைபர்கிளாஸ் டிரெய்லர்’ என்று இருப்பதெல்லாம் நான் பேசும் வகை அல்ல. மரச் சட்டத்தின் மீதோ அலுமினியச் சட்டத்தின் மீதோ பிளைவுட்டும் நுரைப்பலகையும் வைத்து, அதன்மேல் மெல்லிய ஃபைபர்கிளாஸ் தகட்டை ஒட்டிய நேர்ச்சுவர் வண்டிகளும் அதே பெயரில்தான் விற்கப்படுகின்றன. அவற்றின் சுவருக்குள் தண்ணீர் இறங்கினால் பசை விட்டுப்போய்த் தகடு கொப்பளம்போல எழும்பிவிடும். அதைச் சரிசெய்ய ஆகும் செலவு பல வேளைகளில் வண்டியின் மதிப்பையே விழுங்கிவிடும். நான் பேசுவது அச்சில் வார்க்கப்பட்ட வண்டியைப் பற்றி. மெழுகு பூசிய அச்சின் உட்புறத்தில் முதலில் ஜெல்கோட் என்னும் பளபளப்பான நிறப்பூச்சைத் தெளிக்கிறார்கள். அதன்மேல் கண்ணாடி இழையையும் ரெசின் என்னும் பிசினையும் சேர்த்துப் படிய வைத்து, இறுகிய பிறகு அச்சிலிருந்து பெயர்த்தெடுக்கிறார்கள். இப்படி மேல்பாதி ஒன்றும் கீழ்ப்பாதி ஒன்றுமாக வார்த்து, இரண்டையும் இடுப்பு உயரத்தில் இழையும் ரெசினும் கொண்டு இணைத்துவிட்டால் கூடு தயார். படகுக் கட்டுமானம் தெரிந்தவர்களுக்கு இது பழகிய முறை.

இந்த வகை வண்டி வட அமெரிக்காவில் பரவியதற்கு, கனடாவின் வினிபெக் நகரில் ரே ஒலெக்கோ என்பவர் 1968-இல் வடிவமைத்த போலர் என்னும் 13 அடி டிரெய்லர் முக்கியக் காரணம். அதற்கு முன்பு அவர் ஃபைபர்கிளாஸில் கழிவுநீர்த் தொட்டி வடிவமைத்தவர். தண்ணீரை ஒழுகாமல் உள்ளே வைத்திருக்கத் தெரிந்தவர், அதை ஒழுகாமல் வெளியே நிறுத்தும் வண்டியையும் செய்தார். சிறிய காரே இழுத்துச் செல்லும் அளவுக்கு அது எடை குறைவாக இருந்தது. அந்த வழியில் வந்த மின்னசோட்டாவின் ஸ்கேம்ப், டெக்சஸின் கசீட்டா, பிரிட்டிஷ் கொலம்பியாவின் எஸ்கேப், டென்னசியின் ஆலிவர் ஆகியவற்றை இன்றும் சாலைகளில் பார்க்கலாம். 1970-களில் செய்த போலர் வண்டிகள் இன்றும் பயணத்தில் இருக்கின்றன என்பதே இக்கட்டுமானத்துக்குக் கிடைத்த பெரிய சான்று. அதே காலத்தில் மரச்சட்டமும் அலுமினியத் தகடுமாகச் செய்த வண்டிகளில் பெரும்பாலானவை மக்கிப் போய்விட்டன.

டிரெய்லரை அழிப்பது சாலையை விடத் தண்ணீர்தான். சாதாரண வண்டியில் கூரையும் சுவரும் சேரும் மூலை ஒவ்வொன்றும் ஓர் இணைப்பு. ஓடும்போது சட்டம் முறுக்கிக்கொள்ள, அந்த இணைப்பில் நீர் புகாமல் அடைத்திருக்கும் சீலன்ட் என்னும் பசை வெடிக்கிறது. முடி அளவு விரிசலில் இறங்கும் மழைநீர் சுவருக்குள் மரத்தை ஊறவைக்கிறது. வெளியே தெரியும்போது வேலை முற்றிப்போயிருக்கும். வார்ப்புக் கூட்டில் கூரையோரமும் இல்லை, மூலையும் இல்லை. இடுப்பில் இருக்கும் ஒரே இணைப்பும் மழை தேங்காத செங்குத்துச் சுவரில் இருக்கிறது. கூடு ஈரம் பட்டு உளுத்துப்போவதும் இல்லை.

ஆனால் ‘ஒழுகவே ஒழுகாது’ என்று விற்பனையாளர் சொல்வதை மட்டும் நம்ப வேண்டாம். தொழிற்சாலையில் அச்சிலிருந்து வெளிவரும்போது கூட்டில் துளை இல்லை. பிறகுதான் அதில் துளைகள் இடப்படுகின்றன. சன்னல்கள், கதவு, கூரைக் காற்றுப்போக்கி, குளிர்பெட்டியின் வெளிக்காற்றுத் தட்டி, தண்ணீர் நிரப்பும் வாய், விளக்குகள், வெயில்மறைப்புத் துணியின் தாங்கிகள் என்று ஒவ்வொன்றுக்கும் கூட்டை வெட்டியாக வேண்டும். பல வண்டிகளில் உட்புற அலமாரிகளைத் தாங்குவது கூட்டை ஊடுருவிச் செல்லும் ரிவெட் என்னும் ஆணிகள். ரிவெட்டின் வெளித்தலைமீது ஒரு பிளாஸ்டிக் மூடி இருக்கும். வெயிலில் அது வெளிறி, விரிந்து, கழன்று விழும். ரிவெட்டும் தளர்ந்திருந்தால் அதன் நடுத்துளை வழியே துளித்துளியாக நீர் இறங்கும். நீர் இறங்கும் இடமும் நமக்குத் தெரியும் இடமும் ஒன்றாக இருப்பதில்லை. கூட்டின் உட்புற வளைவைப் பற்றிக்கொண்டு அது அலமாரிக்குப் பின்னால் ஓடி, மெத்தைக்கு அடியில் போய் நிற்கும். ஆகவே மழைக்குப் பிறகு பெஞ்சின் அடிப்பெட்டிகளைத் திறந்து, மூலைகளைக் காகிதக் கைத்துண்டால் அழுத்திப் பார்ப்பது எங்கள் வழக்கம். கை உணராத ஈரத்தைக் காகிதம் காட்டிவிடும்.

இந்த ஒழுகல்கள் எல்லாம் வீட்டிலேயே சரிசெய்யக்கூடியவை என்பது பெரிய ஆறுதல். கூரைக் காற்றுப்போக்கியை எடுத்துக்கொள்வோம். அதன் திருகுகளைக் கழற்றி, பழைய சீலன்ட்டைக் கூட்டில் கீறல் விழாதபடி பிளாஸ்டிக் தகட்டால் சுரண்டி எடுத்து, ஸ்பிரிட் கொண்டு துடைத்து, விளிம்பு முழுவதும் பியூட்டைல் டேப் என்னும் ஒட்டும் ரப்பர் நாடாவைத் துண்டுபடாமல் ஒட்டித் திரும்பத் திருக வேண்டும். சாம்பல்நிறப் பியூட்டைல் நான்கு பக்கமும் பிதுங்கி வருமளவுக்கு முறுக்கிவிட்டு, ஒரு நாள் கழித்து மறுபடி ஒரு முறுக்கு முறுக்க வேண்டும். அதற்குள் அது அமுங்கித் திருகுகளைத் தளர்த்தியிருக்கும். சிலிகான் சீலன்ட்டை மட்டும் கிட்ட அண்டவிடக் கூடாது. அது விட்டுச்செல்லும் படலத்தின்மீது பிறகு எந்தச் சீலன்ட்டும் பிடிக்காது. முந்தைய உரிமையாளர் சிலிகான் அப்பிவைத்த சன்னல் ஒன்றைச் சுத்தம் செய்வது, நான்கு புதிய சன்னல்களைப் பொருத்துவதைவிட அலுப்பூட்டும் வேலை.

தரையைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். கூடு மக்காது; பல வண்டிகளில் தரை மக்கும். அது பிளைவுட்டாலோ அழுத்தி ஒட்டிய மரச்சீவல் பலகையாலோ ஆனது. கதவுக்குக் கீழேயும், பின்பக்க மூலைகளிலும், தண்ணீர்த் தொட்டிக்கு அருகிலும் ஈரம் தங்கினால் பலகை மெத்தென்று ஆகிவிடும். தரையும் கூடும் சேர்ந்துதான் வண்டிக்கு விறைப்பைத் தருகின்றன என்பதால் இதை அழகுக் குறையாக எண்ணி ஒதுக்கிவிடக் கூடாது. இரண்டு கூடுகளை ஒன்றுக்குள் ஒன்றாகப் பொருத்தும் இரட்டைக்கூட்டு வண்டிகளில், ஆலிவரைப் போல, தரையும் வார்ப்பாகவே வருகிறது. அதற்கேற்ப எடையும் விலையும் கணிசமாக ஏறுகின்றன.

இழுப்பதற்கு இந்த வண்டி தரும் சுகத்தை மனமாரப் பாராட்ட வேண்டும். பெரும்பாலான சிறிய வார்ப்பு வண்டிகளின் அகலம் ஏறத்தாழ 6 அடி 8 அங்குலம். சாதாரண டிரெய்லர்கள் 8 அடியைத் தாண்டும். காரின் பக்கக் கண்ணாடியிலேயே பின்னால் வருகிற வண்டிகள் தெரியும், குறுகலான பாலத்தில் எதிரே லாரி வந்தால் நெஞ்சு படபடக்காது. உருண்ட முன்பக்கம் காற்றைக் கிழித்துச் செல்லும் என்றாலும் எரிபொருள் செலவு கூடத்தான் செய்யும். எத்தனை அழகான வளைவும் காருக்குப் பின்னால் ஒரு சுவரை இழுப்பதை முற்றிலும் மறைத்துவிடாது. அதைக் குறைக்க எளிய வழி வேகத்தைக் குறைப்பது. காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப வளர்வதால், மணிக்கு 100 கிலோமீட்டரில் செல்வதை 90 ஆக்கினாலே அந்த எதிர்ப்பு ஐந்தில் ஒரு பங்கு அளவுக்குக் குறைந்துவிடும்.

எடை குறைவு என்பது இந்த வண்டியின் பெருமை, அதுவே அதன் பலவீனமும் கூட. டிரெய்லரின் மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் வரை, காரோடு அதை இணைக்கும் ஹிட்ச்சின் மீது அமர வேண்டும் என்பது பொது விதி. அதற்குக் கீழே போனால் நெடுஞ்சாலை வேகத்தில் டிரெய்லர் இடமும் வலமும் ஆடத் தொடங்கும். பெரிய வண்டியில் ஐம்பது கிலோவை எங்கே வைத்தாலும் பெரிதாகத் தெரியாது. சிறிய வண்டியில் நன்றாகத் தெரியும். 1,000 கிலோ எடையுள்ள வண்டியின் ஹிட்ச் சுமை 120 கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள். சக்கர அச்சுக்கும் ஹிட்ச்சுக்கும் இடையே மூன்று மீட்டர். அச்சுக்கு இரண்டு மீட்டர் பின்னால், பின்பம்பரில், 25 கிலோ எடையுள்ள மின்சைக்கிள்கள் இரண்டை மாட்டினால், நெம்புகோல் கணக்கில் ஹிட்ச் சுமை 33 கிலோ குறைந்து 87 ஆகிவிடும். அது மொத்த எடையில் 10 சதவீதத்தைக் கூட எட்டாது. தண்ணீர்த் தொட்டியின் கதையும் இதுதான். தொட்டி அச்சுக்குப் பின்னால் இருந்தால் அதை நிரப்பிக்கொண்டு ஓட்டுவதும் காலியாக ஓட்டுவதும் இரண்டு வேறு வண்டிகளை ஓட்டுவதற்குச் சமம். ஆகவே பயணத்துக்கான சாமான்களை ஏற்றிய பிறகு ஒருமுறையாவது வண்டியை எடைமேடையில் நிறுத்தி, மொத்த எடையையும் ஹிட்ச் சுமையையும் தனித்தனியே அறிந்துகொள்ள வேண்டும். விளம்பரத்தில் சொல்லும் எடை, பேட்டரியும் எரிவாயுவும் வெயில்மறைப்பும் சேராத வெற்று வண்டியின் எடையாக இருப்பது சகஜம்.

பழைய வண்டி வாங்குபவர்கள் பெரிதும் கோட்டை விடுவது சக்கர அச்சில்தான். இவற்றில் பலவற்றில் இருப்பது ரப்பர் முறுக்கு அச்சு. சதுரக் குழாய்க்குள் ரப்பர்த் தண்டுகளைத் திணித்து, அவற்றின் நடுவே சக்கரக் கையைச் சுழல விட்டிருப்பார்கள். ஓட்டம் மென்மையானது, இரும்புத் தகடுகளை அடுக்கிய வில்லின் கிறீச்சொலி இல்லை. ஆனால் இருபது முப்பது ஆண்டுகளில் ரப்பர் இறுகிச் செத்துவிடும். அதன்பிறகு சாலையின் ஒவ்வொரு குழியும் நேரே சட்டத்துக்கும் ரிவெட்டுகளுக்கும் போய்ச் சேரும். ரப்பரை மட்டும் மாற்ற வழியில்லை. முழு அச்சையும் மாற்ற வேண்டும். சில பழைய வண்டிகளில் அது சட்டத்தோடு பற்றவைக்கப்பட்டிருப்பதால் வெட்டி எடுக்க வேண்டியும் வரும். சக்கரத்தின் மேல்விளிம்புக்கும் கூட்டின் வளைவுக்கும் இடையே கைவிரல் நுழையாத அளவுக்கு வண்டி அமர்ந்திருந்தால், அந்தச் செலவை விலையில் கழித்துப் பேச வேண்டும். டயரையும் அதன் பள்ளத்தை வைத்து மதிப்பிடக் கூடாது. ஆண்டின் பெரும்பகுதி நின்றிருக்கும் டிரெய்லர் டயர் தேய்வதற்கு முன்பே வயதாகிவிடும். பக்கவாட்டில் உள்ள DOT குறியீட்டின் கடைசி நான்கு இலக்கங்கள் அதன் பிறப்பைச் சொல்லும்: 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம். ஆறேழு ஆண்டு ஆகியிருந்தால், பார்க்கப் புதிதுபோல இருந்தாலும், மாற்றிவிடுவது உயிருக்கு நல்லது.

உள்ளே வாழ்வது எப்படி என்று கேட்டால், ஒழுங்கு தெரிந்த இருவருக்குப் போதும் என்பேன். பல வடிவங்களில் சாப்பாட்டு மேசையே இரவில் கட்டிலாகிறது. மேசையை இறக்கி, மெத்தைகளை அடுக்கி, விரிப்பைச் செருகுவது தினமும் இருவேளையும் செய்ய வேண்டிய வேலை. சுவரோரம் படுத்தவர் நடுஇரவில் எழுந்தால் மற்றவரைத் தாண்டித்தான் போக வேண்டும். கூடு வளைந்திருப்பதால் நடுவில் ஆறடி உயரம் இருந்தாலும் ஓரங்களில் தலை இடிக்கும். உயரமானவர்கள் அளவுப் பட்டியலை நம்பாமல் உள்ளே ஏறி நின்று பார்த்துவிட வேண்டும். கழிப்பறையும் குளியலும் ஒரே சிறு அறையில் அடங்கிய வடிவங்கள் உள்ளன. வசதிதான், ஆனால் குளித்தபின் அறை முழுவதும் துடைக்க வேண்டும். அலமாரிக்கு ஒதுக்கக்கூடிய இடமும் அதற்குப் போய்விடுகிறது. கழிப்பறை வேண்டுமா வேண்டாமா என்பதைக் கணவன் மனைவி இருவரும் வாங்குவதற்கு முன்பே பேசித் தீர்த்துக்கொள்வது நல்லது, ஏனெனில் பிறகு மாற்ற முடியாத ஒன்று அதுதான். குழந்தைகளோடு செல்பவர்களுக்கு அடுக்குக் கட்டில் உள்ள வடிவங்கள் உண்டு. இரண்டு நாள் தொடர்ந்து மழை பெய்தால் அந்தக் குடும்பத்தின் பொறுமையைத்தான் நம்பியிருக்க வேண்டும்.

குளிர்காலத்தில் இந்த வண்டியின் உண்மையான எதிரி உள்ளே உருவாகும் ஈரம். உறங்கும் இருவர் மூச்சாலும் தோலாலும் ஓரிரவில் ஏறத்தாழ அரை லிட்டர் நீரைக் காற்றில் சேர்க்கிறார்கள். அடுப்பில் எரியும் ஒவ்வொரு கிலோ புரொப்பேன் எரிவாயுவும் 1.6 கிலோ நீராவியை உண்டாக்குகிறது. பெரிய அறையில் கரைந்துவிடும் இந்த ஈரம், இத்தனை சிறிய கூட்டில் போக்கிடமின்றிக் குளிர்ந்த சுவரில் படிகிறது. ஒற்றைக்கூட்டு வண்டிகளில் மெல்லிய வெப்பத்தடுப்பும் அதன்மேல் கம்பளம் போன்ற துணியும் மட்டுமே இருப்பதால், அலமாரியின் உட்சுவரும் மெத்தையின் அடிப்புறமும் விடிவதற்குள் நனைந்துவிடும். கவனிக்காமல் விட்டால் பூஞ்சை பிடித்து வண்டி முழுவதும் வீசும் அந்த வாடையைப் போக்குவது எளிதல்ல. எவ்வளவு குளிராக இருந்தாலும் கூரைக் காற்றுப்போக்கியை இரண்டு விரல் அளவும் எதிர்ப்பக்கச் சன்னல் ஒன்றைச் சிறிதும் திறந்தே வைக்கிறோம். மெத்தைக்கு அடியில் காற்று புகும் வலைவிரிப்பு ஒன்றைப் போட்டிருக்கிறோம். காலையில் சன்னல் ரப்பரின் கீழ்விளிம்பில் வரிசையாக நிற்கும் துளிகளைத் துணியால் ஒற்றி எடுப்பது என் மனைவி தானே எடுத்துக்கொண்ட வேலை; அந்த ஒரு பழக்கத்தால் எங்கள் சன்னலோரத் துணி இன்னும் கறுக்காமல் இருக்கிறது.

மின்சாரம், எரிவாயு, தண்ணீர் ஆகியவை மற்ற டிரெய்லர்களில் இருப்பவையே, அளவில்தான் சிறியவை. கழிவுநீர்த் தொட்டி விரைவில் நிரம்பும். ஒரே ஒரு பேட்டரி என்றால் ஈயத்தைவிட லித்தியம் இரும்புப் பாஸ்பேட் வகை எடைக்கும் கொள்ளளவுக்கும் ஏற்றது. எரிவாயுவில் இயங்கும் பழைய வகைக் குளிர்பெட்டி வண்டி மட்டமாக நின்றால்தான் சரியாக வேலை செய்யும். கார்பன் மோனாக்சைடு எச்சரிக்கைக் கருவிக்கும் காலாவதித் தேதி உண்டு என்பதைப் பலர் பார்ப்பதே இல்லை. இத்தனை சிறிய இடத்தில் உறங்குபவர்கள் அதைக் கட்டாயம் பார்க்க வேண்டும்.

வெளிப்புறப் பராமரிப்பைப் பற்றி வீண் பயம் வேண்டாம். ஜெல்கோட் வெயிலில் மங்கி, கை வைத்தால் சுண்ணாம்புபோல ஒட்டும் நிலைக்கு வரும். தேய்ப்புக் கலவையால் மெருகேற்றி மெழுகு பூசினால், பூச்சு முழுதும் தேய்ந்திராத வரை, பளபளப்பு திரும்பிவிடும். சன்னல் மூலைகளில் சிலந்தி வலைபோலத் தெரியும் நுண்விரிசல்கள் பெரும்பாலும் ஜெல்கோட்டோடு நின்றுவிடுபவை. மரக்கிளை இடித்து உண்மையாகவே ஓட்டை விழுந்தாலும், சுற்றிலும் சரிவாகத் தேய்த்து, இழைப்பாயும் ரெசினும் அடுக்கி, காய்ந்தபின் சமன்செய்து பூச்சுக் கொடுத்தால் பழைய வலிமை வந்துவிடும். தகடு ஒட்டிய வண்டியில் இதே அடிக்கு முழுச் சுவரையும் மாற்ற வேண்டியிருக்கும்.

பணக் கணக்கையும் பார்த்துவிடலாம். சிறு தொழிற்சாலைகளில் கையால் செய்யப்படுவதால் புதிய வண்டி மலிவாகக் கிடைக்காது, பதிவு செய்துவிட்டுக் காத்திருக்கவும் நேரலாம். ஆனால் விற்கும்போது போட்ட பணத்தில் பெரும்பகுதி திரும்பி வருகிறது. சாதாரண டிரெய்லர் வாங்கிய சில ஆண்டுகளிலேயே பாதி விலைக்குச் சரிவதைப் பார்த்தவர்களுக்கு இதன் அருமை தெரியும். பழைய வண்டியின் விலையும் அதே காரணத்தால் இறங்குவதில்லை. ஆகவே விற்பவர் காட்டும் புதிய மெத்தைக்கும் வண்ண விளக்குகளுக்கும் விலை கொடுக்காதீர்கள்.

பார்க்கப் போகும்போது ஒரு கைவிளக்கும் கூர்முனைத் திருப்புளியும் எடுத்துச் செல்லுங்கள். முன்பக்கச் சட்டம் ஹிட்ச்சை நோக்கி வளையும் இடத்தில் வெடிப்போ, மறுபடி பற்றவைத்த தழும்போ இருக்கிறதா என்று படுத்துப் பாருங்கள். பழைய வண்டிகளில் சட்டம் முதலில் விட்டுக்கொடுப்பது அங்கேதான். அடியிலிருந்து தரைப்பலகையைத் திருப்புளியால் பல இடங்களில் குத்திப் பாருங்கள், கதவுக்குக் கீழே கூடுதலாகவே குத்துங்கள். கதவு கூட்டின் வளைவோடு பொருந்தி மூடுகிறதா என்று கவனியுங்கள்; மேல்மூலையில் இடைவெளி தெரிந்தால் சட்டமோ தரையோ தொய்ந்திருக்க வாய்ப்புண்டு. விற்பவர் சம்மதித்தால் கூரைமீது கால்மணி நேரம் தண்ணீர் பாய்ச்சிவிட்டு, உள்ளே பெஞ்சுப் பெட்டிகளைத் திறந்து மூலைகளைத் தொட்டுப் பாருங்கள். சம்மதிக்காவிட்டால் அடுத்த வண்டியைப் பார்க்கப் போகலாம்.